நாலு மணிச் சொட்டு

சொட்டு மருந்து போடுவதில் எனக்குக் கை நடுங்கியதே இல்லை, சார். கடலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரித் தியேட்டரில் பதினாறு வருஷமாக நர்ஸ். என் கையால் போட்ட சொட்டு ஒன்றுகூடக் கன்னத்தில் வழிந்ததில்லை.

தங்கை நித்யா மேரிக்கு இரண்டு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். வளர்த்தது நான். கல்யாணம் கில்யாணம் என்று எனக்கு எதுவும் அமையவில்லை. அதில் வருத்தமும் இல்லை. 2009-ல் அவளுக்குச் சிதம்பரத்து வாத்தியார் ஆரோக்கிய பிரபுவை நிச்சயம் செய்தோம். சோடாபுட்டிக் கண்ணாடியோடு கோயிலில் நிற்க மாட்டேன், லேசர் செய்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

அவளுக்குக் கருவிழி மெலிசு. அதனால் டாக்டர் அதன் மேல்பரப்புச் செல்களை மட்டும் சுரண்டிவிட்டு லேசர் வைத்தார். நாலைந்து நாளில் செல் தானாக வளர்ந்து மூடிக்கொள்ளும். அதுவரை உயிர் போகிற வலி.

இரண்டாம் நாள் என் மடியில் தலைவைத்துத் துடித்தாள். தியேட்டரில் கண் மரத்துப்போகப் போடுகிற சொட்டை எடுத்துவந்திருந்தேன். போட்ட அரை நிமிஷத்தில் அடங்கினாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போவாதக்கா, இங்கயே இரு" என்றாள். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நாலாம் நாள் வலி குறைந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, போனில் சிதம்பரத்து மாப்பிள்ளையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அன்று மதியம் அவள் கேட்காமலே சொட்டு போட்டேன். செல் வளர்கிற மருந்து என்றேன். பிறகு மணிக்கொரு தரம். மரப்பு தெளிந்தால் முன்னைவிட வலிக்கும், அவளே கூப்பிடுவாள்.

"செல் ஏம்மா வளரவே மாட்டுது?" என்று டாக்டர் என்னிடமே கேட்டார். சிலருக்கு லேட்டாகும் என்றேன், டார்ச்சைப் பிடித்தபடி. இரண்டு மாதத்தில் இரண்டு கருவிழியும் வெளுத்துவிட்டன. மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஞாயிறு பூசைக்கு இப்போது நான்தான் அவளைக் கைபிடித்து அழைத்துப்போகிறேன்.

அந்த மருந்து செல்லை வளர விடாதென்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அந்தச் சொட்டை வீட்டுக்குக் கேட்கிற நோயாளிகளிடம் அதைச் சொல்லி மறுப்பதே என் வேலை. ஆனால் அவளை ஒரு நாளும் வலியோடு விட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சொட்டுப் புட்டியைத் தடவி எடுத்து டாக்டரிடம் கொடுத்தது நித்யாதான் என்கிறீர்கள். இருக்காது. மணி நாலாகப் போகிறது, சார், அவளுக்குச் சொட்டு போடுகிற நேரம். என்னை வீட்டுக்கு அனுப்புங்கள். என் கை பட்டால்தான் அவள் கண்ணைத் திறப்பாள்.