வெறும் உப்பில் விழுந்த பள்ளம்

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பது நல்ல பழக்கம். தாம்பரம் வெயிலுக்கு அது அவசியம் என்பது என் கருத்து. ஆராய்ச்சி மாணவன் என்பதால் கருத்து சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எங்கள் ஆய்வகத்தில் ஜோனத்தான் நிலக்கரியை ஆராய்ந்துகொண்டிருந்தான். துளி நிலக்கரியை ஒருவகை உப்போடு சேர்த்துக் கல் உரலில் மைபோல அரைக்க வேண்டும். அழுத்தினால் கண்ணாடிபோல ஒரு வில்லை வரும். அதன் வழியே அகச்சிவப்புக் கதிரை விட்டால் திரையில் ஒரு கோடு பள்ளம் பள்ளமாக விழும். நிலக்கரிக்குள் எந்த அணு எதோடு கைகோத்திருக்கிறது என்பதை அந்தப் பள்ளங்கள் சொல்லிவிடும்.

ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "மச்சான் ஹரிபிரசாத், உன் தலையப் பிழிஞ்சா கேன்டீன்ல ரெண்டு ஈடு வடை போடலாம்டா."

எங்களோடு ஆராய்ச்சி செய்யும் அனுப்பிரியா சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

மறுநாள் முதல் அவன் உரலைக் கழுவும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கழுவுவேன், துடைப்பேன். பிறகு தலையைக் கோதிக்கொண்டு, அதே விரலை உரலுக்குள் ஒரு சுற்று விடுவேன்.

எண்ணெய் இருந்தால் கோட்டில் 1745 என்ற இடத்தில் பள்ளம் விழும். ஜோனத்தான் அதை நிலக்கரியின் பள்ளம் என்று நம்பினான். இதுவரை யாரும் காணாத அமைப்பு என்று எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தான். நான் இரண்டு சாப்பிட்டேன். பள்ளிக்கரணைச் சதுப்பில் அடுக்குமாடி எழுப்புவதுபோல, ஆய்வேடு முழுவதையும் அந்தப் பள்ளத்தின் மேல் கட்டினான்.

எங்கள் பேராசிரியை காந்திமதிக்குச் சந்தேகம் வந்தது. "நிலக்கரி வேணாம். வெறும் உப்ப மட்டும் அரைச்சுக் காட்டு," என்றார். அதிலும் அதே பள்ளம்.

"இத்தனை நாளா எதைப்பா அரைச்சுட்டு இருந்த?"

ஒரு மாதம் அவகாசம்; பள்ளம் மறையாவிட்டால் அவன் ஆராய்ச்சியும் முடிந்தது என்றார்.

ஜோனத்தான் மொட்டை அடித்துக்கொண்டான். கையுறை போட்டான். தோல் உரியும்வரை கையைத் தேய்த்தான். "என் கையிலதான் ஏதோ தப்பு மச்சான். உரல நீயே கழுவிக் குடுடா," என்றான்.

கழுவிக் கொடுத்தேன். பள்ளம் முன்பைவிட ஆழமாக விழுந்தது.

இப்போது கேளம்பாக்கத்தில் வீட்டோடு இருக்கிறான். மாதம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். "டம்ளரத் தொடுறதுக்குக்கூடக் கை கழுவுறான்ப்பா. நீ ஒருத்தன்தான் வர்ற," என்று அவன் அம்மா ரத்தினபாய் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நண்பனை நடுவழியில் விடுகிறவன் நானில்லை.

போன வாரம் அவன் இடத்துக்கு விக்கி என்றொரு பையன் வந்திருக்கிறான். நல்ல பையன். வந்த அன்றே கலகலப்பாகப் பேசினான்: "இன்னாண்ணா, தல பளபளன்னு கீது? மூஞ்சி பாத்துக் க்ராப்பு வாரலாம் போல."

எனக்கு யார்மீதும் வன்மம் கிடையாது. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உரலக் கொண்டா தம்பி. நான் கழுவித் தரேன்."