கடலுக்கு அந்தப் பக்கம்

...நம்ம சபையில நோயாளிகளைப் பார்க்கப் போற குழுவுல இருக்கீங்க. நல்ல விஷயம். ஆனா போய் என்ன பேசுறீங்க? அதை நான் பிரசங்கமா சொன்னா பாதிப் பேர் கொட்டாவி விடுவீங்க. அதனால ஒரு குட்டிக் கதையா சொல்லிடுறேன். வீடியோ கேம் பத்தின கதை. பெரியவங்க முகத்தைச் சுளிக்காதீங்க... கடைசி வரைக்கும் கேளுங்க.

பாளையங்கோட்டையில அக்கா தங்கச்சி ரெண்டு பேர். அக்கா பியூலா, தங்கச்சி கெசியா. சின்ன வயசுல வீட்டுல டிவியில மாட்டி விளையாடுற வீடியோ கேம் ஒண்ணு இருந்துச்சு. கேசட்டை எடுத்து, வாயால ஊதி, திரும்பச் சொருகுவோமே... அது! ஒரு நரிக்குட்டி இடது பக்கத்துல இருந்து வலது பக்கமா ஓடும். மேடு வந்தா தாவும், பள்ளம் வந்தா குதிக்கும். கடைசியில ஒரு கடல் வரும். நீலமா, டிவி முழுக்கக் கடல். நரிக்குட்டி ஒரே தாவு தாவும்... அவ்வளவுதான். அந்தரத்துல அப்படியே நின்னுடும். கேசட்ல கோளாறு. எத்தனை தடவை ஊதினாலும் சரி, கடல் மேல நிக்கும்.

ரெண்டு பேரும் படுத்துக்கிட்டே யோசிப்பாங்களாம். "எக்கா, கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்?" "தெரியலயேட்டி..."

வருஷம் ஓடிப்போச்சு. பியூலா கல்யாணமாகி கோயம்புத்தூர் போயிட்டா. கெசியாவுக்குப் பாளையங்கோட்டையிலயே ஒரு லேப்ல வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்ல பார்க்கிற வேலை. அந்தக் கண்ணுலதான் நோய் வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா மங்கி... ஒரு நாள் டாக்டர் சொல்லிட்டார், இனிமே பார்வை திரும்பாதும்மான்னு.

பியூலா தினமும் போன் பண்ணினா. "எல்லாம் சரியாயிடும்ட்டி. கவலைப்படாத." மறுநாளும் அதே. அதுக்கடுத்த நாளும் அதே. கெசியா போன் எடுக்கிறதையே நிறுத்திட்டா. எடுத்து என்ன செய்ய? சரியாகாதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியுமே!

பியூலாவுக்குப் பொறுக்கல. லீவு போட்டுட்டு ரயில் ஏறிட்டா. மகன்கிட்ட புது மாடல் கேம் பெட்டி ஒண்ணு இருந்துச்சு. அதுல அந்தப் பழைய நரிக்குட்டியை மறுபடி வெளியிட்டிருக்காங்கன்னு அவன் என்னைக்கோ சொல்லியிருந்தான். ஏன் எடுக்கிறோம்னு தெரியாமலே அதையும் பையில போட்டுக்கிட்டா.

வந்து பார்த்தா... மத்தியானம், வெளியே மழை, தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கா. "சாப்பிட்டியாட்டி?" "ம்." "காப்பி போடட்டா?" "ம்."

பியூலா பேசாம பெட்டியை டிவியில மாட்டினா. பாட்டு வந்துச்சு. டிங் டிடிங்னு அந்தச் சின்னப் பாட்டு. மழைச் சத்தத்துக்குள்ள எங்கேயோ தூரத்துல கேட்கிற மாதிரி...

கட்டில்ல இருந்து குரல். "எக்கா... நரிக்குட்டியா?"

"ஆமாட்டி."

எழுந்தா! சுவரைத் தடவித் தடவி வந்து, அக்கா தோள்ல சாய்ஞ்சு தரையில உக்காந்துட்டா. கண்ணு தெரியல, காது கேட்குதே! "இப்பக் குதி! ...பொறு, பொறு... இப்ப!" அவ சொல்லச் சொல்ல அக்கா தாவுறா. வெளியே மழை, உள்ளே ரெண்டு சின்னப் பிள்ளைங்க.

"கடல் வந்துடுச்சுட்டி!"ன்னா பியூலா. நரிக்குட்டி தாவுது...

நிக்கல! அந்தப் பக்கம் போய் இறங்கிடுச்சு!

"தாண்டிருச்சாக்கா?"

"தாண்டிருச்சுட்டி!"

"என்ன இருக்கு? சொல்லு, சொல்லு!"

பியூலா பார்க்கிறா. என்ன இருந்துச்சு தெரியுமா? ஒண்ணுமே இல்ல. முதல்ல வந்த அதே மேடு, அதே மரம். வானத்தை மட்டும் கறுப்பாக்கி விட்டிருக்காங்க. இத்தனை வருஷம் ஆசைப்பட்டது... இதுக்குத்தானா?

தங்கச்சி முகத்தைப் பார்த்தா. எப்படிச் சொல்லுவா?

"ஒரு... ஒரு ஊரு இருக்குட்டி. தெருவெல்லாம் ஈரமா இருக்கு. வீடு வீடா விளக்கு. தண்ணிக்குள்ளயும் விளக்கு தெரியுது. கடைசியில பச்சைக் கலர்ல ஒரு வீடு... நரிக்குட்டி அதைப் பார்த்துத்தான் போகுது..."

கெசியா கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் மெதுவா, "எக்கா... இப்ப வர்றது முதல் ஸ்டேஜ் பாட்டுல்லா?"

அக்கா மாட்டிக்கிட்டா.

பியூலா அழுதுட்டா. "ஆமாட்டி. ஒண்ணுமில்ல. அதே இடந்தான். நான்தான் சும்மா சொன்னேன்... உன் கண்ணும் சரியாகாதுட்டி. அதையும் சும்மாதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

மழை பெய்யுது. கெசியா கையை நீட்டி அக்கா முகத்தைத் தேடித் துடைச்சு விட்டா. அப்புறம் கேட்டா பாருங்க ஒரு கேள்வி...

"சரி, அந்தப் பச்சை வீடு... கதவு திறந்திருக்கா?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கிட்டு டிவியைத் திரும்பிப் பார்க்கிறா.

"சொல்லுக்கா. திறந்திருக்கா?"

"தி... திறந்துதான் இருக்குட்டி."

"அப்ப உள்ள போ."

கெசியாவுக்குப் பார்வை திரும்பல. நான் கதைக்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்போ அவளேதான் சாயங்காலம் அக்காவுக்குப் போன் பண்றா. கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர்ல யார் யார் இருக்காங்கன்னு அவ சொல்றா, அக்கா கேட்டுக்கிறா.

என் அன்பானவங்களே... ரெண்டு பேருக்குமே பொய்னு தெரிஞ்ச பிறகும் அதைச் சேர்ந்து சொன்னாங்களே, அது பொய்யா? இல்ல. அது விளையாட்டு. அது அன்பு. எந்தப் பொய் தங்கச்சியைச் சுவர் பக்கம் திருப்புச்சு? 'எல்லாம் சரியாயிடும்'ங்கிற பொய். நாம வாசப்படியில நின்னு சொல்லிட்டு வர்றோமே... அதே பொய்!

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. ஆப்பிள் வாங்கிட்டுப் போங்க, வேண்டாங்கல. அவங்க கேட்டா உண்மையைச் சொல்லுங்க. சொல்லிட்டு... உடனே எழுந்திரிச்சு வந்துடாதீங்க. அதுக்கு அப்புறம்தான் அவங்க பேச ஆரம்பிப்பாங்க.