ஒப்புக்கு ஒருத்தி

நான் பல் டாக்டர். ஊசி போடுவதற்கு முன்னால் "லேசா வலிக்கும்" என்று சொல்லிவிடுவது என் வழக்கம். பதினேழு வருடத் தொழிலில் ஒருவரையும் சொல்லாமல் குத்தியதில்லை.

நீங்கள் மூன்று பேரும் கோல்ஃப் சங்கத்தின் சார்பில் விபத்தைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் எங்கள் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கோல்ஃப் ஆடாதவர் என்று அவருடைய செருப்பைப் பார்த்தாலே தெரிகிறது.

இது பெண்களுக்கான பன்னாட்டுக் குழுப் போட்டி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். நாட்டுக்கு மூன்று பேர். எல்லோருமே வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள் அல்லது படிப்பவர்கள். ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது, அளவு சரியில்லாத ஒரு கோட்டு மட்டும் தைத்துக் கொடுப்பார்கள். ஒரு சின்னப் பந்தை வெயிலில் மைல் கணக்காகத் துரத்திப்போய்க் குழிக்குள் தள்ளிவிட்டு, உடனே அதைக் கையை விட்டு வெளியே எடுக்கிற ஆட்டம். யார் குறைவான அடியில் முடிக்கிறார்களோ அவர்தான் கெட்டிக்காரர். நான்கு நாள் நடக்கும். ஒவ்வொரு நாளும் மூன்று பேரில் நன்றாக ஆடிய இரண்டு பேரின் ஸ்கோரை மட்டும் சேர்த்துக்கொண்டு, மூன்றாவது ஆளுடையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அந்த மூன்றாவது ஆள் நான். இதற்கு முன் மூன்று போட்டி, பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளும் என் ஸ்கோர் குப்பைக்குத்தான் போனது. தொடக்க விழாவில் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிற வேலை மட்டும் எனக்கு நிரந்தரம். மற்ற இரண்டு பேருக்கும் தோள் வலித்துவிடக் கூடாதல்லவா. என் அம்மா ஃபோனில் கேட்பார்: "என்னடி, இந்தத் தடவையும் ஒப்புக்குச் சப்பாணிதானா?" பாசமாகத்தான் கேட்பார்.

எங்கள் அணியில் முதல் ஆள் என் அண்ணி, கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. கல்யாணமாகி வந்தபோது அவருக்குக் கோல்ஃப் மைதானமும் மாடு மேய்க்கிற இடமும் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று நான்தான் கூட்டிப்போய், என் பழைய மட்டையைக் கையில் கொடுத்தேன். இரண்டே வருடத்தில் என்னைத் தாண்டிவிட்டார். தாண்டியது பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்த மட்டையைத் திருப்பித் தரவில்லை, அதுதான். போட்டி நாட்களில் அண்ணன் எனக்கு ஃபோன் செய்வான். முதல் கேள்வி, "அவ எப்படி ஆடுனா?" இரண்டாவது கேள்வி, "அவ சாப்பிட்டாளா?" மூன்றாவது கேள்வி இருந்ததில்லை.

இரண்டாவது ஆள் கல்லூரியில் படிக்கிற பெண். குட்டி என்று கூப்பிடுவோம். பிறகு கேப்டன் அம்மா. அவர் ஆடமாட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, குடையோடு கூடவே நடந்து எங்களைத் திருத்துவார்.

இந்த ஆட்டத்தில் நடுவர் பின்னாலேயே வரமாட்டார். நம் தப்பை நாமேதான் சொல்ல வேண்டும். போன போட்டியில் பந்துக்குப் பக்கத்தில் கிடந்த சருகை எடுக்கும்போது பந்து ஒரு நூல் அசைந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. நானே போய்ச் சொல்லி ஓர் அடி கூட்டிக்கொண்டேன். எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஸ்கோர்தான், இருந்தாலும் சொன்னேன். என்னைப் பற்றி முடிவு செய்யும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை போட்டிக்கு முன்னால் மூன்று நாள் பயிற்சி. விதிகளைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அணியில் ஒருவர் ஆட முடியாமல் போனால், மீதி இரண்டு பேரின் ஸ்கோரையும் அப்படியே சேர்த்துக்கொள்வார்கள். மிக நியாயமான விதி.

பயிற்சியில் மூவரும் சேர்ந்து நடப்போம். அண்ணியின் பந்து எப்போதும் என்னுடையதைவிடத் தூரம் போகும். அதனால் அவர் முன்னால் ஓரமாகப் போய் நிற்பார், நான் பின்னாலிருந்து அடிப்பேன். முதல் நாள் என் பந்து அவருக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. கையைத் தூக்கி, "சாரி அண்ணி" என்றேன். "பரவாயில்ல டாக்டரே" என்று சிரித்தார். இரண்டாம் நாள் மூன்றடியில் விழுந்தது. மறுபடியும் கையைத் தூக்கினேன். கேப்டன் அம்மா குடையைச் சாய்த்து, "என்னம்மா, இந்த வாரம் உன் கை உன் பேச்சக் கேக்க மாட்டேங்குதே" என்றார். சற்று வேதனையாக இருந்தது. காற்று தள்ளும் என்று கொஞ்சம் அதிகமாக விலக்கி அடித்துவிட்டேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பன்னிரண்டாவது குழி. அண்ணி எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, புல்லுக்குள் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். கேப்டன் அம்மா குடையை மடக்கிக்கொண்டிருந்தார். குட்டி மணல் பள்ளத்துக்குள் இருந்தாள். நான் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தேன்.

ஆள் இருக்கிற பக்கம் பந்து போனால் "ஃபோர்" என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் கத்தவில்லை. பந்து காற்றில் இருந்த நேரம் நான்கு, ஐந்து வினாடி இருக்கும். வளைந்து போனது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

ஆனால் குட்டி பள்ளத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். "அக்கா, பந்து" என்று கத்தினாள். அண்ணி நிமிர்ந்து, திரும்பி, மேலே பார்த்தார்.

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தோளில் பட்டால் இரண்டு வாரம் வீங்கியிருக்கும், பிறகு சரியாகிவிடும். மருத்துவம் படித்தவள் என்ற முறையில் நான் யோசித்தது அவ்வளவுதான். கண்ணை நான் கேட்கவில்லை. அண்ணியைத் திரும்பவைத்தது என் பந்து இல்லை. அன்று மாலை குட்டி என் அறைக்கு வந்து அழுதாள். அவளிடம் உண்மையை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "நீ கத்தாம இருந்திருந்தா தோள்லதாம்மா பட்டிருக்கும்" என்றேன். போட்டியின் நான்கு நாளும், எதிரே ஆள் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அடித்தாள். இப்போது ஆட்டத்தையே விட்டுவிட்டதாகக் கேள்வி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி குறைவு.

முப்பத்தாறு நாடுகளில் நாங்கள் முப்பத்துநாலாவது இடம். போன முறை பதினொன்று. எங்களுக்குக் கீழே இருந்த இரண்டில் ஒரு நாட்டு அணிக்கு வயிற்றுப்போக்கு. ஆனால் நான்கு நாளும் பலகையில் என் ஸ்கோர் இருந்தது. அழிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். அண்ணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு நாளும் உங்க ஸ்கோர் சேந்துச்சாமே டாக்டரே."

"ஆமா அண்ணி."

"எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் உங்கள எடுக்க வேணாம்னுதான் சொல்லுவாங்க. அவங்க வரலேன்னா நானும் வரலேன்னு சண்ட போட்டுத்தான் உங்களச் சேக்க வச்சேன். உங்க அண்ணனக் கேட்டுப் பாருங்க."

அண்ணன் திரும்பவே இல்லை. அந்த ஒரு வார்த்தையில் அண்ணி என்னை எவ்வளவு புண்படுத்திவிட்டார் என்று அவருக்கே தெரியாது. இத்தனை வருடம் நான் என் திறமையால் வந்தேன் என்றல்லவா இருந்தேன். உடம்பு முடியாதவர் என்பதால் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். அவரை மன்னித்தும்விட்டேன்.

நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொண்டுவந்திருக்கிற அறிக்கையைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என் மேல் வழக்கு வேண்டாம் என்று அண்ணியே கேட்டுக்கொண்டதும், இதை விபத்து என்று முடித்துவைக்க நீங்கள் சம்மதித்ததும் பெரிய மனது. கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் நான் கிளம்பலாம். கிளினிக்கில் நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

நான்காவது வரியில்தான் எனக்குச் சங்கடம். "இவருடைய கை தவறியதால் பந்து திசைமாறிச் சென்று" என்று இருக்கிறது. இந்தக் காகிதம் ஆவணமாக இருக்கும். நாளைக்கு யாராவது எடுத்துப் படிப்பார்கள்.

தூரம் நூற்று முப்பது கெஜம். இடப்பக்கத்திலிருந்து காற்று. குறி, குனிந்திருந்த ஓர் ஆளின் வலது தோள். மூன்று நாளில் மூன்றே பந்தில் பிடித்தேன். உங்களில் ஆடுகிறவர்கள் இருக்கிறீர்கள், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "கை தவறியதால்" என்பதை அடித்துவிட்டு "குறி பார்த்து அடித்ததால்" என்று மாற்றுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.