தாமரைக் கோலத்துக்கு எத்தனை மதிப்பெண்?

அவையை எண்ணிவிட்டுப் பேசுவதே என் வழக்கம். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் எங்கள் கூட்டமைப்புத் தலைவர் பழனிச்சாமி ஐயா அவர்களே! சிறுதொழில்கள் எப்படி நடத்தப்படுகின்றன என்று தெருத்தெருவாக ஆராய்ந்துவரும் பேராசிரியர் கஸ்தூரிரங்கன் அவர்களே! கூடமும் தந்து, காற்றாடியும் தந்த நோரா அம்மையார் அவர்களே! எங்கள் அடுகோடி மகளிர் மசாலாச் சங்கத்தின் தலைவி ராதா அக்கா அவர்களே! உறுப்பினர்கள் பதினொருவர், அவர்களை அனுப்பிவைக்கும் மாமியார்கள் அறுவர், குழந்தைகள் ஒன்பது பேர், கணவன்மார் நால்வர். வாசலில் நிற்கும் மூவரையும் சேர்த்தால் எழுவர். உள்ளே வாருங்கள் ஐயா, வடை இங்கேதான் இருக்கிறது. எல்லோருக்கும் இந்த 1999ஆம் ஆண்டு விழாவில் வனஜாவின் வணக்கம்!

நான் கல்லூரி வாசலை மிதித்தவள் அல்ல. மகளின் பாடநூல்களுக்கு அட்டை போட்டுக்கொண்டே படித்தவள். விடிந்தால் முருகனுக்கு விளக்கு, வீட்டுக்கு அடுப்பு, சங்கத்துக்கு நோட்டு. அவ்வளவுதான் நான்.

மேலாண்மை, மேலாண்மை என்கிறார்களே, அது எங்கே குடியிருக்கிறது? மேசையிலா? மேலாளர் அறையிலா? மினுக்கும் கணினியிலா? எங்கள் கூடத்தில் அது முருகன் படத்துக்குக் கீழே, ஒரு கரும்பலகையில் குடியிருந்தது!

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, ராதா அக்கா மிளகைக் கருக்கிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் கொட்டியிருக்கலாம். அவரோ சாக்பீஸை எடுத்து, எல்லோரும் காண எழுதினார்: 'மிளகைக் கருக்கியது ராதா. அடுப்பை விட்டு வாசலுக்குப் போனேன்.'

"சாமிக்குத் தெரிஞ்சுபோச்சு. நமக்கும் தெரியட்டுமே" என்றார்.

மறுநாள் டோரதி, உப்பை இரண்டு தடவை போட்டதை எழுதினாள். மூன்றாம் நாள் சாக்பீஸுக்கு வரிசை! காலைதோறும் பத்து நிமிடம் பலகை முன் நின்று, ஏன் நடந்தது, எப்படித் தடுப்பது என்று பேசினோம். மாதம் நாற்பது பொட்டலம் கடைகளிலிருந்து திரும்பிவந்த காலம் போய், இப்போது மூன்று வந்தாலே முகம் வாடுகிறோம்.

கைதட்டுகிறீர்கள். பொறுங்கள், மானம் போகிற இடம் இனிமேல்தான்.

போன மாதம் பேராசிரியர் எங்களை ஆராய வந்தார். பதினெட்டுக் கேள்விகள், கேள்விக்கு ஐந்து மதிப்பெண். படித்தவர் வருகிறார், பலகையில் நம் பிழையெல்லாம் பல்லிளிக்கிறதே என்று பதறினோம். துடைத்தோம். துடைத்ததோடு நின்றோமா? தாமரைக் கோலம் போட்டோம். கோலத்தோடு நின்றோமா? நடுவில் 'நல்வரவு' என்றெழுதி, நான்கு மூலைக்கும் மஞ்சள் வைத்தோம். துடைத்த கை யாருடையது? இதோ, ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கும் இந்தக் கைதான்!

நடக்கும் தவறுகளை எங்கே எழுதிவைக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். டோரதி கைகூப்பிச் சொன்னாள்: "நம்ம கிட்ட தப்பே ஆகாது சார்."

ராதா அக்கா தாமரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும். அவர் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஐந்துக்கு மதிப்பெண் ஒன்று! பழனிச்சாமி ஐயா, நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த ஒன்றைப் பார்த்துத்தானே ராதா அக்காவை விலக்கிவிட்டு, ஒன்றாம் தேதி முதல் வெளியிலிருந்து ஒரு மேலாளர் என்று கடிதம் போட்டீர்கள்?

தன் பிழையைத் தானே முதலில் எழுதியவரா தலைமைக்குத் தகாதவர்? பதினொரு பேரின் பயத்தைப் போக்கியவரா பதவிக்குப் பொருந்தாதவர்? எங்கள் பிழையை மறைக்கத் தம் பெயரைப் பறிகொடுத்தவரா விலக வேண்டியவர்? அவையே, சொல்லுங்கள்!

பலகையைத் துடைத்தேன், நோட்டைத் துடைக்கவில்லை. தினமும் மாலையில் பலகையில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் இதோ இந்த நோட்டில் எடுத்து எழுதியிருக்கிறேன். மூன்றாண்டுகள், எண்ணூற்றுப் பன்னிரண்டு பிழைகள். நூற்று நான்கு என்னுடையவை. மாமியார் அவர்களே, அந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டாம். இன்று காலை முருகன் முன் உட்கார்ந்து எண்ணூற்றுப் பதின்மூன்றாவதை எழுதினேன்: 'விருந்தாளி வருகிறார் என்று பலகையைத் துடைத்தது வனஜா.'

பேராசிரியர் அவர்களே, நோட்டை உங்கள் கையில் தருகிறேன். ஒருநாள் சொல்லாமல் வாருங்கள். கோலம் இருக்காது, பிழைகள் இருக்கும். பார்த்து மதிப்பெண் போடுங்கள். பழனிச்சாமி ஐயா, அதுவரை ராதா அக்கா அந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்கள்.