ஆற்றுமுகத்தில் நின்றவள்

காலை நாலே கால். ஃபிஜியில், ரக்கிராக்கி ஊரிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற மண்சாலை. இரண்டு பக்கமும் கரும்பு... ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. பஸ்ஸின் முன்வெளிச்சம் மட்டும்.

ஓட்டியவன் எமோசி. படப்பிடிப்புக்கு ஆள் ஏற்றிப்போகிற டிரைவர். பக்கத்தில் அவன் அத்தை மகள் லவேனியா. பின்னால் இருபத்து நாலு துணை நடிகர்கள், பாதித் தூக்கத்தில்.

லவேனியாவும் பதினாலு வருஷம் அந்தப் பின்சீட்டில் போனவள்தான். வெளிநாட்டுக்காரர்கள் படமெடுக்க ஃபிஜிக்கு வரும்போதெல்லாம் கூடை சுமந்தாள், கூட்டத்தில் ஓடினாள், பிணமாகக் கிடந்தாள். அதற்கு முந்தின வருஷம் ஒரு சந்தைக் காட்சி. இருநூறு பேரை மேய்க்க முடியாமல் உதவி இயக்குநர் ஒருத்தன் தொண்டை கட்டி உட்கார்ந்துவிட்டான். இவள் ஒரு பெட்டிமேல் ஏறினாள். ஒரே அதட்டல்... சந்தையே நின்றது. டைரக்டர் அன்றைக்கே அவளை உதவி இயக்குநர் ஆக்கினார். அவருடைய அடுத்த படம் இது. உதவி இயக்குநராக இவளுக்கு முதல் முழுப்படம்.

"டைரக்டரம்மா, நேத்து வரைக்கும் பொணமா படுத்திருந்தீங்க. இன்னைக்கு எங்களப் படுக்கச் சொல்வீங்களா?" என்றான் எமோசி.

"நீ படுத்தா கேமராவுல அடங்க மாட்ட, மச்சான். ரோட்டப் பாரு."

பார்த்தான். பார்த்தவன் பிரேக்கை மிதித்தான்.

சாலையோரம் ஒரு பெண். பஸ்ஸில் இருந்தவர்கள் போட்டிருந்த, படத்துக்குத் தைத்த அதே பழங்காலத்து உடை. முதுகைக் காட்டி நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"ஏத்தாத, லவேனியா..." எமோசிக்குக் குரல் இறங்கிவிட்டது.

"நம்ம டிரெஸ் போட்டிருக்கா. நம்ம ஆளு. நடு ரோட்டுல விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

கதவைத் திறந்தாள். அந்தப் பெண் திரும்பவில்லை. பின்பக்கமாகவே படியேறினாள். சளக்... சளக்... அழுகின கடற்பாசி வாடை பஸ் முழுக்க. கடைசி சீட் கிறீச்சென்றது. அதற்குப் பிறகு ஒருத்தரும் கழுத்தைத் திருப்பவில்லை.

தீப்பிடித்த கிராமத்திலிருந்து சனங்கள் ஆற்றுமுகத்தைக் கடந்து ஓடவேண்டும். அதுதான் அன்றைய காட்சி. விடிகிற வெளிச்சம் பத்தே நிமிஷம் இருக்கும். முழங்கால் தண்ணீர்தான், பயமில்லை என்று முந்தின நாளே பார்த்து வைத்திருந்தார்கள். ஆனால் யாராவது முழுகினால் தூக்குகிற காவல் படகு இன்னும் வரவில்லை.

"படகுக்குக் காத்திருந்தா வெளிச்சம் போயிடும், ஓடவிடு" என்றான் இணை இயக்குநர் கிரெய்க். ஆஸ்திரேலியாக்காரன், எல்லாவற்றிலும் அவசரம்.

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் நடுவில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். முதுகைக் காட்டி. எப்போது இறங்கினாள், யாருக்கும் தெரியாது.

வாக்கிடாக்கியில் கிரெய்க் கத்தினான். "யாரு அந்தப் பொம்பள? நகத்து அவள!"

லவேனியா இறங்கினாள். கணுக்கால்... முழங்கால்... இன்னும் ஓர் எட்டு வைத்தால் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுவிடலாம். எட்டு வைத்தாள். காலுக்குக் கீழே மணல் இல்லை.

தலை முழுகி, உப்புத் தண்ணீர் குடித்து, கையால் மணலைப் பிராண்டி மேலே வந்தாள். எதிரே வெறும் தண்ணீர். அந்தப் பெண் இல்லை.

லவேனியா கரையேறினாள். கையை விரித்து எல்லோரையும் மறித்தாள். "யாரும் எறங்காதீங்க! ராத்திரி மணல் அறுத்துக்கிட்டுப் போயிருக்கு!"

"இப்ப ஓடச் சொல்லலன்னா உன் வேலை போச்சு" என்றான் கிரெய்க். "நாளைக்கு மறுபடி கூட்டத்துலதான் நிப்ப."

"நிக்கிறேன். பதினாலு வருஷம் நீங்க சாகச் சொன்ன எடத்துல எல்லாம் படுத்துச் செத்தேன். அது நடிப்பு. இதுல என் சனத்த எறக்க மாட்டேன். வேணும்னா நீங்க எறங்குங்க, நான் 'ஆக்‌ஷன்' சொல்றேன்."

தன் வாக்கிடாக்கியை அவன் காலடியில் வைத்துவிட்டு, தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். இருபத்து நாலு பேரும் அப்படியே மணலில் உட்கார்ந்தார்கள். எமோசி பஸ் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

வெளிச்சம் வந்தது... போயிற்று.

கிரெய்க் ஒரு நீளமான மூங்கிலை எடுத்துக்கொண்டு அவள் காட்டின இடத்துக்குப் போனான். குத்தினான். மூங்கில் முழுசாக உள்ளே போயிற்று. தோள்வரை நனைந்த கையோடு திரும்பி வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்படியும் அன்று சாயங்காலம் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். டைரக்டர் தடுக்கவில்லை. அவள் போய்க் கெஞ்சவும் இல்லை. ஆறு மாதத்தில் வேறொரு கம்பெனி கூப்பிட்டது. "படகு வராம என் ஆளுங்க கால நனைக்க மாட்டாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாள். இன்றைக்குப் படத்தில் அவள் பேர் வருகிறது.

போன மாதம் தலைநகர் சுவாவில் படப்பிடிப்பு. பழைய பள்ளிக்கூடம், மரத்தாலான மாடி. எண்பது பேர் ஏறவேண்டும். விடிகாலையில் லவேனியா தனியாக உள்ளே போனாள். மாடி நடுவில், அதே ஈர உடை...

அன்று ஒருவரையும் மேலே ஏற்றவில்லை. காட்சியை முற்றத்தில் எடுத்தார்கள். அந்த மாடி இன்னும் விழவில்லை. விழுமா என்றும் யாருக்கும் தெரியாது.

எமோசிதான் கேட்டான். "இந்தத் தடவையாவது மூஞ்சியப் பாத்தியா?"



"கூப்பிட்டேன், மச்சான். திரும்பினா... திரும்பின பெறகும் முதுகுதான்."