பதினேழாம் நம்பர் கேபிள்

விளக்கு எரிந்தால் எரியட்டும். ஆனால் அந்த மூலையில் தொங்குகிற சார்ஜர் ஒயரை மட்டும் யாராவது சுருட்டி உள்ளே வையுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், கடைசியில் புரியும்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவனின் சித்திக்கு நடந்தது இது. கம்ப்யூட்டர் நெட்வொர்க் கோளாறு பார்ப்பது அவள் தொழில்.

ராத்திரி மணி ஒன்று நாற்பது. பைபாஸ் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஸ்கூட்டர் வெளிச்சம் போகிற தூரம்தான் உலகம். ஓரிடத்தில் சாலையோரத் தடுப்புக் கம்பி உடைந்து வளைந்து கிடந்தது... டபுள் லேபிள் செத்த இடம். சித்தி வேகத்தைக் குறைக்கவில்லை.

டபுள் லேபிள் என்பது பட்டப்பெயர். சித்தி போய்க்கொண்டிருந்த ஸ்கேன் சென்டரில் முன்பு அவர்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியர். எந்தக் கேபிளைச் சொருகினாலும் இரண்டு முனையிலும் நம்பர் எழுதி ஒட்டாமல் எழுந்திருக்க மாட்டார். "ஒரு முனைக்கு மட்டும் பேர் வெச்சா, இன்னொரு முனை அநாதை" என்பார். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், ஸ்கேன் படம் திறக்க அரைமணி ஆகிறது என்று டாக்டர்கள் கத்தினார்கள். "எல்லாம் இவன் வயரிங் லட்சணம்" என்று பத்துப் பேர் முன்னால் மேனேஜர் அவரை வெளியே அனுப்பினார். அன்றைக்கு ராத்திரியே, வீட்டுக்குப் போகிற வழியில்... லாரி.

ஆள் போய்விட்டார். கோளாறு போகவில்லை.

பகலில் ஸ்கேன் ஓடிக்கொண்டே இருக்கும், எதிலும் கை வைக்க முடியாது. அதனால்தான் சித்திக்கு இந்த நேரம். முந்தின நாள் மேனேஜர் போனில் சொல்லியிருந்தார்.

"காலைல ஒன்பது மணிக்கு முதலாளி வர்றார் மேடம். பழைய ஆளோட வயரிங்தான் காரணம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. செத்தவன் வந்து சண்டையா போடப் போறான்?"

"பார்த்துட்டுத்தான் சார் எழுதுவேன்."

"எழுதினா இங்க வேலை உங்களுக்கு. இல்லேன்னா இந்த ஊர்ல எங்கேயும் கிடையாது. நான் ஒரு போன் போட்டாப் போதும்."

சித்தி போனை வைத்தாள். தனி ஆளாகத் தொழில் நடத்துகிறவள். அந்த ஒரு போன் நிஜமாகவே போதும் என்று அவளுக்குத் தெரியும்.

வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே வராமல் நின்றார். "அம்மா... அந்தக் கம்ப்யூட்டர் ரூம்ல ராத்திரியில சரக் சரக்னு சத்தம் வருது. எதுவோ இழுபடுற மாதிரி."

"எலியாண்ணே?"

"எலி இல்லம்மா."

"அப்பாடா. எலின்னாத்தான் எனக்குப் பயம். கேபிளைக் கடிச்சு வெச்சிடும்."

உள்ளே பல்லைக் கிட்டவைக்கிற குளிர். மின்விசிறிகளின் உறுமல். சூடான தூசியின் நாற்றம்... அதற்கு அடியில், இன்னொரு வாசனை. இப்போதுதான் மூடி திறந்த மார்க்கர் பேனாவின் மை.

அறையின் ஒரு கோடியில் பெரிய இரும்புப் பெட்டி. அதற்குள், வெறும் மென்பொருளாகவே இருக்கிற, தொட்டுப் பார்க்க முடியாத ஆறு கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்தின. அதில் ஒன்றுதான் எல்லா ஸ்கேன் படங்களையும் சேர்த்து வைத்திருந்தது. சித்தி ஒரு பெரிய படத்தை நகல் எடுத்துப் பார்த்தாள். நொடிக்கு ஆயிரம் எம்.பி.யைத் தொட வேண்டிய வேகம், பதினொன்றில் நொண்டியது. ஆனால் திரை மட்டும் இணைப்பு முழு வேகத்தில் இருப்பதாகச் சத்தியம் செய்தது.

"கற்பனைக் கம்ப்யூட்டருக்குக் கற்பனை நெட்வொர்க் அட்டை. அது கற்பனையாத்தானே பேசும்" என்று முணுமுணுத்தபடி சித்தி நிஜப் பெட்டியின் பின்பக்கம் போனாள்.

வேகமான கேபிள் சொருகவேண்டிய துவாரம் காலி. அதன்மேல் டபுள் லேபிளின் கையெழுத்து: 17. நெடுஞ்சாலையை மூடியதும் பஸ் சந்துக்குள் திரும்புகிற மாதிரி, பெட்டி தானாகவே ஒரு பழைய, மெதுவான கேபிளுக்கு மாறிக்கொண்டிருந்தது.

அறையின் மறுகோடியில்தான் எல்லா கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச். அங்கே பதினேழு இருந்தது. லேபிள் இருந்தது. பச்சை விளக்கு சிமிட்டியது. அப்படியானால் மறுமுனை எங்கோ சொருகியிருக்கிறது... எங்கே?

நாற்பது கேபிள்கள், எல்லாம் ஒரே நீலம், ஒரே கட்டாக.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால், ஒருத்தர் இந்த முனையில் ஒரு தரம் இழுப்பார். மறுமுனையில் இருப்பவர் எது ஆடுகிறது என்று பார்த்து, பதிலுக்கு இரண்டு தரம் இழுப்பார். 'இதுதான்' என்று அர்த்தம்.

மறுமுனையில் ஆள் இல்லை என்று தெரியும். இருந்தும் கை சும்மா இருக்கவில்லை. சித்தி பதினேழைப் பிடித்து ஒரு தரம் இழுத்தாள்.

பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தது.

இன்னொன்று.

சித்தி போனை எடுத்தாள். "அண்ணே... உள்ள வந்தீங்களா?"

"கேட்லதாம்மா நிக்கிறேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

பயந்தாளா? பயந்தாள். உள்ளங்கை நனைந்துவிட்டது. புடவையில் துடைத்துக்கொண்டு, மறுபடி அதே கேபிளைப் பிடித்தாள்.

"இங்க பாருங்க. நீங்க யாரா இருந்தாலும் சரி, நான் வேலைக்கு வந்திருக்கேன். பயமுறுத்தணும்னா விடிஞ்சப்புறம் வாங்க, சாவகாசமா பயப்படுறேன். இப்ப பதினேழு எங்க போகுதுன்னு மட்டும் காட்டுங்க."

மின்விசிறிகள் உறுமின. அப்புறம்... சரக். சரக். நீலக் கட்டுக்குள் ஒரே ஒரு கேபிள் மட்டும் நெளிந்தது. அதன் பின்னாலேயே சித்தி முட்டிபோட்டு நகர்ந்தாள். கட்டிலிருந்து பிரிந்து, தரையோரமாகப் போய், சுவரில் ஒரு துவாரத்துக்குள் நுழைந்தது. அரைகுறையாகத் துளைத்த துவாரம். கீழே சிமெண்ட் தூள்கூடத் துடைக்கப்படவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மேனேஜர் அறை. பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பில்.

சித்திக்குச் சுர்ரென்று ஏறியது. கேபிளை இழுத்தாள். வரவில்லை. அந்தப் பக்கம் எதிலோ சொருகியிருக்கிறது.

"க்ளிப்பை அழுத்தி விடுங்க சார்" என்றாள் சுவரைப் பார்த்து.

இரண்டு நொடி.

க்ளிக்.

கேபிள் அவள் மடியில் வந்து விழுந்தது. அந்த முனையில் லேபிள் இல்லை. யாரோ நகத்தால் சுரண்டி எடுத்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுத்தது. காலித் துவாரத்தில் சொருகினாள். விளக்கு பச்சை. நகல் எடுத்துப் பார்த்தாள். பதினொன்று... பதினொன்று... ஆயிரத்து நூறு.

சித்தி வீட்டுக்குப் போகவில்லை. வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் ஆளுயர டிவி, படம் வராமல் கறுத்துக் கிடந்தது.

"யாரு என் ரூமைத் திறந்தது?"

"சாவி உங்ககிட்டதானே சார் இருக்கு?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. டைப் அடித்து வைத்திருந்த காகிதத்தை மேஜைமேல் தள்ளினார். "பேச நேரமில்ல. கையெழுத்தைப் போடு."

'மேடம்' என்பது போய்விட்டது, கவனித்தீர்களா? சித்தி காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுதினாள். எழுதியதை வாய்விட்டுப் படித்தாள்.

"பழைய இன்ஜினியர் வயரிங்கில் எந்தக் குறையும் இல்லை. மேனேஜர் அறை டிவிக்காகப் பதினேழாம் நம்பர் கேபிள் திருப்பப்பட்டிருந்தது. அதுதான் கோளாறு." கீழே கையெழுத்து, தேதி, நேரம்.

"இந்த ஊர்ல இனிமே உனக்கு வேலையே கிடையாது, தெரியுமா?"

"போனைப் போடுங்க சார். ஒரு நாள் அவங்க நெட்டும் ஸ்லோ ஆகும். அப்ப என் நம்பர் கேட்பாங்க."

வெளியே செருப்புச் சத்தம். முதலாளி. மேனேஜர் காகிதத்தைப் பிடுங்கப் பாய்ந்தார். பாதி எழுந்தவர், தொப்பென்று நாற்காலியிலேயே விழுந்தார்.

"கால்... கால் வரமாட்டேங்குது..."

குப்பென்று அடித்தது வாசனை. மார்க்கர் மை.

சித்தி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். அவருடைய காலுறைக்கு மேலே, கணுக்காலைச் சுற்றி, ஒரு வெள்ளை லேபிள். நன்றாக அழுத்தி ஒட்டியிருந்தது. 17. மை இன்னும் காயவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கால், சுவர்த் துவாரத்தின் பக்கமாக வெடுக்கென்று இழுபட்டது.

சற்று நிதானம்.

இன்னொரு தரம்.