நாலு கண் போன்

கடை வெளிச்சத்தில் எந்த போனும் நன்றாகத்தான் படம் எடுக்கும். போன் வாங்கப் போகிறவர்கள் இதை முதலில் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. என் சகலைக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். "இதுல தெளிவா தெரியுதா, இல்ல இதுலயா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. லென்ஸ் பற்றித் தெரிந்தவன் என்பதால் மனைவி வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் படம் எடுப்பது நான்தான். "பெரிய மாப்பிள்ளையக் கூப்பிடுங்கப்பா" என்று மாமனார் குரல் கொடுத்த பிறகுதான் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் சுவர் நிறைய நான் எடுத்த படங்கள். எடுக்கிறவன் படத்தில் இருக்க முடியாது. அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

பிறகு மைத்துனியைக் கட்டிக்கொண்டு சகலை அந்த வீட்டோடு வந்து சேர்ந்தார். லிப்ட் மெக்கானிக். சூதுவாது தெரியாத மனிதர். வந்த புதிதில், மாமனார் சவரம் செய்துகொண்டிருந்தபோது, பாதி முகம் நுரையோடு சிரிப்பதைத் தன் பழைய போனில் எடுத்தார். மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "இதுலதான்யா நான் மனுஷனா இருக்கேன். பெரிய மாப்பிள்ளை எடுத்தா எல்லாரும் பாஸ்போர்ட்டுக்கு நிக்கிற மாதிரில்ல இருக்கோம்" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

மைத்துனி பிள்ளையுண்டாகி இருந்தபோது மாமனார் படுக்கையில் விழுந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். சகலை என்னைத் தேடி கடைக்கே வந்தார்.

"அண்ணே, நல்ல கேமரா உள்ள போனா ஒண்ணு பார்த்துக் குடுங்க. குழந்தை பொறந்ததும் மாமா கையில வெச்சு ஒரே ஒரு படம். அவ அதைத்தான் கேக்குறா. எனக்கு இதுல ஒரு மண்ணும் புரியாது. நீங்க சொன்னா சரி."

ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும்போது நமக்குப் பொறுப்பு கூடுகிறது. நான் பொறுப்பாகவே நடந்துகொண்டேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதாம்?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு எப்போதும் கேலிதான்.

கடைசியாகச் சகலையைக் கூட்டிக்கொண்டு போன கடையில், விற்பனைப் பெண் ஒரு போனை எடுத்து வைத்தாள். பின்னால் இரண்டு லென்ஸ். "கைக்குழந்தை அசைஞ்சுக்கிட்டே இருக்கும் சார். இது சட்டுனு பிடிச்சிடும். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் கவலையில்ல" என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. முந்தின நாளே அதே போனை மாடிப்படி இருட்டில் வைத்து நான் சோதித்துப் பார்த்திருந்தேன்.

அதை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். பின்னால் நான்கு லென்ஸ். பெட்டியில் கொட்டை எழுத்தில் மெகாபிக்சல். அந்த நான்கில் இரண்டு ஒப்புக்குச் சப்பாணி. மற்ற இரண்டும் வெளிச்சம் குறைந்தால் சந்தையில் தொலைந்த பிள்ளைபோல் விழிக்கும்.

"அந்தப் பொண்ணு அதைச் சொல்லுதேண்ணே?"

"தேங்கிக் கிடக்கிறதைத் தலையில கட்டுறதுதானே கடைக்காரங்க வேலை. நாலு கண்ணு பெருசா, ரெண்டு கண்ணு பெருசா, நீங்களே சொல்லுங்க."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுவாக ஒரு உண்மையைச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்டேன். சகலை நாலு கண்ணை வாங்கிக்கொண்டு, "இந்த உதவிய மறக்க மாட்டேண்ணே" என்றார்.

குழந்தை பிறந்தது. மாமனாருக்குக் கண் கூசும் என்று அவர் அறையில் விளக்கு போடுவதில்லை. ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. நான் அதன் ஓரமாக நின்றேன். தலையணையில் சாய்ந்திருந்தவர் கையில் மைத்துனி குழந்தையை வைத்தாள். அது அவர் விரலைப் பற்றிக்கொண்டு கொட்டாவி விட்டது. "என்னடி பெரிய மனுஷி, தாத்தாவப் பார்த்தா தூக்கம் வருதா?" என்றார். சகலை கட்டிலின் காலடியில் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் என் போனைத் தூக்கி ஒன்று எடுத்தேன். கைப்பழக்கம்.

அந்த வாரமே மாமனார் போய்ச் சேர்ந்தார்.

சகலை எடுத்ததெல்லாம் ஒரே மங்கல். ஒன்று மட்டும் கொஞ்சம் தேறியது. அதிலும் சின்னத் திட்டு குழந்தை, பெரிய திட்டு மாமனார். மைத்துனி அந்த போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "என் கைதான் நடுங்கிடுச்சு" என்று சகலை தன்னையே திட்டிக்கொண்டார். "எல்லாருக்கும் ஆகுறதுதான், மனசத் தேத்திக்கங்க" என்றேன். ஆறுதல் சொல்வது மூத்தவன் கடமை.

என் போனில் இருந்த படத்தில் மாமனாரின் இமை மயிரை எண்ணலாம். கொடுத்திருப்பேன். உங்களிடம் இருக்கிறதா என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அவர்கள் அந்த மங்கல் படத்தையே பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். அன்றுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். நாலு கண்ணும் சேர்ந்து கட்டிலை விட்டுவிட்டு, வெளிச்சம் இருந்த ஜன்னலோரத்தைப் பிடித்திருந்தன. அங்கே நான். சட்டைப் பொத்தானில் நூல்கூடத் தெரிந்தது. கையில் தூக்கிப் பிடித்த போன்.

மைத்துனியும் பார்த்துவிட்டாள். கண்ணாடியில் விரலை வைத்து, "மாமா, நீங்களும் எடுத்தீங்களா? இருக்கா மாமா?" என்றாள்.

நான் எதிர்பார்த்திருந்த அதே வார்த்தை. கொடுத்தால் அது சுவரில் ஏறும், இது இறங்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். "மணி பார்த்தேம்மா" என்றேன். பிறகு குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை அழித்தேன். திரும்ப எடுக்க முடியாதபடி அழித்தேன். போனில் இடமும் குறைவாகத்தான் இருந்தது.

இப்போது அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தின் முன் நிற்கிறார்கள். "யாருங்க இவரு, இவரு மட்டும் இவ்வளவு பளிச்சுனு?" என்று கேட்கிறார்கள். சகலை குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "எங்க அண்ணன். இந்த போனையே அவருதான் அலைஞ்சு திரிஞ்சு பார்த்துக் குடுத்தாரு" என்று பெருமையாகச் சொல்கிறார்.

சட்டத்தில் தூசி படிகிறது என்பதால் கடையிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு நான் அடிக்கடி அங்கே போய்வருகிறேன். மற்றபடி, படத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு எப்போதும் கிடையாது.